பாடுகிறது என்று சொன்னேன்

அன்று வியாழக்கிழமை. கிள்ளான் பாசாரில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்கார அக்கா ஒன்றைத் தூக்கிக் காட்டி, "செவுள் எப்படிச் செவப்பா இருக்கு பாருங்க சார்" என்று சொல்லும்போது கைப்பேசி அடித்தது. நண்பர் அந்தோணியின் மகள் ஷீலா. "அங்கிள், டேடி எறந்துட்டாரு. காலையில பாத்ரூம்ல விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..." நான் "சரிம்மா, சரிம்மா" என்றேன். பிறகு அரைக் கிலோ மீன் வாங்கி, வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்லி, அது முடியும் வரை நின்று, வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியில் வைத்தேன். அந்த மீனை நாங்கள் சமைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசையன்று உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க ஒரு சிறு நூல் அச்சிடப்போவதாகவும், அதற்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் ஷீலா கேட்டாள். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் இறந்தாலும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும் வேலை என் தலையில்தான் விழும். 'அன்பின் சிகரம், பண்பின் இமயம்' என்று பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இதை அப்படி எழுத முடியாது. அந்தோணியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் அதை நம்பிக்கொண்டே செத்தார். அவரோடு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும், கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் இது அடங்காது. ஷீலாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடட்டும்.

எங்கள் தாமானுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. உயர் அழுத்த மின்கம்பி மேலே போவதால் இரண்டு கரையிலும் வீடு கட்ட அனுமதி இல்லை. அதனால் மட்டுமே அங்கே மரங்கள் தப்பிப் பிழைத்தன. பழைய ரப்பர் மரங்கள், மூங்கில், யாரோ வீசிய கொட்டையிலிருந்து முளைத்த ரம்புத்தான். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நான் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் தம்பியோடு கைப்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன். பாலத்தில் சாய்ந்து நின்ற ஓர் ஆள் திரும்பிப் பார்த்து, "அண்ணே, போனை வையுங்க லா. அது பாடிட்டு இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருடம் நான் சொல்லித்தான் மற்றவர்கள் வாயை மூடியிருக்கிறார்கள். "எது பாடுது?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் விரலை மட்டும் உயர்த்தினார். அப்போது கேட்டேன். மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்து, குழைந்து, நின்று, பிறகு வேறு ஏதோ நினைவு வந்ததுபோல வேறு விதமாகத் தொடங்கியது. தம்பி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் அவன் இணைப்பைத் துண்டித்தேன்.

மலாய்க்காரர்கள் அதை 'முராய் பத்து' என்பார்கள். தமிழில் சோலைபாடி என்று பெயர். கறுப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, நீளமான வால். இதைக் கூண்டில் அடைத்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அதனாலேயே ஊர்ப்பக்கத்துக் காடுகளில் இதை விட்டுவைப்பதில்லை. எங்கள் ஓடையில் எப்படியோ ஓர் ஆண் பறவை மிஞ்சியிருந்தது. பாலத்தில் நின்ற அந்த ஆள்தான் அந்தோணி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பறவை இடையில் ஒரு விசில் அடிக்கும். "கேட்டீங்களா வாத்தியாரே? எங்கப்பா கொடி காட்டும்போது இப்படித்தான் ஊதுவாரு. இவன் பரம்பரையில யாரோ ரயில்வேல இருந்திருக்கான்" என்று அடித்துச் சொல்வார். நான் சிரித்தால் கோபித்துக்கொள்வார்.

இங்கே வசந்தம் கிடையாது. வெயில், மழை, புகைமூட்டம், அவ்வளவுதான். ஆனால் சீனப் பெருநாள் வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு இரண்டு மூன்று மாதங்கள் பறவைகள் வெறிபிடித்ததுபோலப் பாடும். அந்தோணி அதைத் தவக்காலத்தோடு சேர்த்து வைத்திருந்தார். "எங்களுக்குக் கறி நிக்கும், இவனுக்குக் குரல் தொறக்கும்" என்பார். ஞாயிறு காலை ஓடைக்கு வர வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விடுவார். ஒருமுறை பாதிரியார், "என்ன அந்தோணி, சண்டே உன்னைப் பாக்கவே முடியலையே?" என்று கேட்டிருக்கிறார். "ஆத்தோரம் இன்னொரு பூசை நடக்குது ஃபாதர், அதுல பிரசங்கம் கெடையாது" என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லிவிட்டு, பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எங்களுக்கு ஒரு முறை இருந்தது. அவர் ஏற்படுத்தியது. பாலத்தில் முதுகோடு முதுகு வைத்ததுபோல இரண்டு பக்கமும் பார்த்து நிற்போம். கால் மணி நேரம் பேச்சு கிடையாது. கேட்ட பறவைகளை அவரவர் தாளில் எழுத வேண்டும். பிறகு இரண்டு தாளையும் ஒத்துப்பார்த்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் அவருடைய நீல நோட்டில் எழுதுவார். ஒருவர் மட்டும் கேட்டது சேராது. ஒருநாள் மாங்குயிலைக் கேட்டதாக நான் சத்தியமே செய்தேன், மனிதர் அசையவில்லை. "ஒரு ஆளு கேட்டா அது ஆசை வாத்தியாரே. ரெண்டு ஆளு கேட்டாத்தான் பறவை" என்றார். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டினேன். அடுத்த ஞாயிறு ஐந்து நிமிடம் முன்னதாகவே பாலத்துக்குப் போய்விட்டேன்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. "பாட்டைப் பத்தி யாருகிட்ட வேணும்னாலும் பேசுங்க. எடத்தை மட்டும் பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லாதீங்க." நான் கிண்டலாக, என் மனைவி வலை போட மாட்டாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தகரம் அழுத்தும் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஒருவர், காட்டில் முராய் இருக்கும் இடம் தெரிந்தால் அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் போவாராம். மூங்கில் கழியில் வலை கட்டி, இன்னொரு முராயின் குரலைக் கைப்பேசியில் போட்டால், தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று சண்டைக்குப் பாய்ந்து வருமாம். "பாடுறதாலேயே மாட்டிக்கும்" என்றார்.

அந்தத் தொழிற்சாலைதான் அவர் காதையும் தின்றது. நான்கு வருடங்களுக்கு முன்பு அவர் தாளில் தேன்சிட்டு குறையத் தொடங்கியது. பிறகு தையல்சிட்டு. நான் பத்து எழுதினால் அவர் ஆறு எழுதுவார். அவருடைய சட்டப்படி நான் மட்டும் கேட்டவை நோட்டில் ஏறவில்லை. ஓடையில் பறவைகள் இருந்தன, நோட்டில் அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஒரு காலை என் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இதெல்லாம் இன்னைக்குக் கேட்டுச்சா?" என்றார். கேட்டது என்றேன். நீல நோட்டைத் திறந்து, என் தாளில் இருந்த எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். "இனிமே ஒங்க காது போதும் வாத்தியாரே. ஒங்க காதும் என் காதும் ஒண்ணுதானே." சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அப்படியும் சோலைபாடி மட்டும் அவருக்குக் கேட்டது. அதன் குரல் கனமானது, பாலத்துக்கு மிக அருகில் பாடும். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன வருடத் தவக்காலத்தில் ஒரு காலை, அவர் வருவதற்கு முன், அந்தப் பாட்டை என் கைப்பேசியில் பதிவு செய்தேன். அருமையாக விழுந்திருந்தது. என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, இருநூறு பேருக்கு மேல். அதில் போட்டேன். பாட்டை மட்டும் போட்டிருக்கலாம். வாத்தியார் அல்லவா, வர்ணனை இல்லாமல் முடியுமா? 'எங்கள் தாமானுக்குப் பின்புறம், மின்கோபுரத்தின் நிழலில், பழைய பாலத்தை அடுத்த மூங்கில் புதரில் அதிகாலையில் கச்சேரி செய்யும் இந்தப் பாடகனைக் கேளுங்கள்' என்று எழுதினேன். சே! ஒரு வழிகாட்டிப் பலகை நட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. ஒருத்தி, 'சார் உங்கள் தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது' என்று எழுதினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செலாயாங்கில் இருக்கும் ஒருவன், 'சார், என் மச்சானுக்கு அனுப்பினேன், ரொம்ப ரசித்தார்' என்று எழுதியிருந்தான். அவனுக்கும் நன்றி சொன்னேன்.

குருத்து ஞாயிறு அன்று அந்தோணி குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டியிருந்ததால் நான் மட்டும் ஓடைக்குப் போனேன். பாட்டு இல்லை. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் புல் மிதிபட்டிருந்தது. இரண்டு கழிகள் நட்டபடி நின்றன. ஒன்றில் மெல்லிய கறுப்பு வலையின் கிழிசல் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு இறகுகள். இரைப்புழு போட்டுக் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று கிடந்தது. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. யார் வழி சொன்னது என்று மட்டும் தெரியும். கழிகளைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். வலையையும் டப்பாவையும் பையில் போட்டு, எங்கள் வரிசையில் அல்லாமல் அடுத்த வரிசைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். திருடனின் புத்தி எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அன்றும் அவர் வரவில்லை. ஆக, உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் இருந்தது. கைப்பேசியை எத்தனையோ முறை எடுத்தேன். 'இன்றைக்கு வேண்டாம், பெரிய வெள்ளி', 'இன்றைக்கு வேண்டாம், பண்டிகை' என்று தள்ளிப்போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்தார். மகள் வாங்கித் தந்த புதுச் சட்டை போட்டிருந்தார். பாலத்தில் நின்றார், கையைக் குவித்துக் காதில் வைத்தார். வெகுநேரம் நின்றார். பிறகு அந்தக் கையை மெதுவாக இறக்கி, என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"வாத்தியாரே, பாடுதா?"

இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று கேட்பார். நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் முன்னால் இடத்தைக் காட்டிக்கொடுத்தவனாக நிற்க எனக்குத் துணிவில்லை. அவருக்கு அதிர்ச்சியாக இருக்குமே என்று நினைத்ததாக நான் இன்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

"பாடுது அந்தோணி. நல்லாப் பாடுது."

"அப்படியா" என்றார். நீல நோட்டை எடுத்து, 'முராய் பத்து, ஒன்று' என்று எழுதினார். திரும்பி நடந்தோம். பெரிய சாலைக்கு வந்ததும், "கடைசி ஆளும் போயிட்டான் வாத்தியாரே" என்றார். என் முதுகு வேர்த்துவிட்டது. அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "இங்கேருந்து போயிட்டான்னு சொல்றேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். ஒரு கட்டத்தில் எப்படிப் பாடுகிறது என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சொன்னேன்! விசில் அடிக்கிறதா என்றால் அடிக்கிறது என்றேன். இந்த வருடம் சீனப் பெருநாள் முடிந்து தவக்காலமும் வந்தது. "குரல் தொறந்துட்டானா?" என்றார். "தொறந்துட்டான்" என்றேன். அன்று அவர் சிரித்தார். அது சந்தோஷமில்லை என்று எனக்குத் தெரிந்தது. "நீங்க கேளுங்க வாத்தியாரே. செவிடன் நின்னு ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறிலிருந்து வரவில்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓடைக்குப் போவதை நானும் நிறுத்திவிட்டேன்.

கோயில் மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். கோட்டு போட்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றி, வேறு யாரோபோல இருந்தார். ஷீலா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அங்கிள், ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு டேடி சொன்னாரு. காதுக்கு மெஷின் போட்டுக்கிட்டாரு. ரெண்டு மாசம் இருக்கும். ஒங்களுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கணுமாம்."

அதைப் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனாரா என்று கேட்டேன்.

"டெய்லி காலையில மெஷினை மாட்டிக்கிட்டு அந்த ஓடைக்குப் போயிடுவாரு. சண்டே மட்டும் போக மாட்டாரு, நீங்க வருவீங்கன்னு. வீட்டுக்கு வந்து ஒரே கம்ப்ளெய்ண்ட். குக்கர் விசில் கேக்குது, பக்கத்து வீட்டு லோரி கேக்குது, சின்னச் சின்னக் குருவி எல்லாம் கேக்குது, அது மட்டும் கேக்கலன்னு. மெஷின் வாங்குன கடைக்கு நாலு தடவை கூட்டிட்டுப் போனேன் அங்கிள். அங்க இருக்கற பொண்ணு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, மெஷின் ஓகே, ஒங்க காதும் இப்ப ஓகேன்னு சொல்லுது. டேடி ஒத்துக்கல. அந்தப் பொண்ணுகிட்ட ஒரே சண்டை. 'எங்க வாத்தியாருக்குக் கேக்குது. எனக்குக் கேக்கல. அப்ப ஒன் மெஷின்லதான் கோளாறு. அவரு கேக்காததைக் கேட்டேன்னு சொல்ற ஆளு இல்ல'ன்னு கத்துறாரு. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"கடைசி வாரம் மெஷினைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டாரு. மெஷினும் சரி, கடையும் சரி, தன் காதுதான் சரியில்லன்னு சொல்லிட்டாரு. அப்புறம் எங்கேயும் போகல. சும்மா உக்காந்தே இருந்தாரு."

தேன்சிட்டு அவருக்குத் திரும்பக் கேட்டிருக்கிறது. தையல்சிட்டு கேட்டிருக்கிறது. நாலு வருடமாக இழந்திருந்த ஓடை முழுவதும் திரும்பி வந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக்கூட அவரை அனுபவிக்க விடாமல், இல்லாத ஒரு பறவையைத் தேடி ஒவ்வொரு காலையும் அங்கே நிற்க வைத்தேன். ஒருவேளை நான் பாலத்தில் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் என் முகத்தில் துப்பியிருப்பார். நாலு மாதம் பேசாமல் இருந்திருப்பார். பிறகு வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தோணிக்குக் குற்றம் செய்தவர்கள் என்றால் ஒரு பரிவு உண்டு. "நாங்க ஃபாதர்கிட்ட போயி முழங்கால் போட்டுச் சொல்லிடுவோம். நீங்கல்லாம் பாவம், எப்படித்தான் தாங்குறீங்களோ?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார். நாங்கள் தாங்குவதில்லை அந்தோணி.

அன்று மண்டபத்தில் ஷீலா கடைசியாக ஒன்று கேட்டாள். "அங்கிள், அது இன்னும் பாடுதா? முப்பதாம் நாள் முடிஞ்சு வர்ற சண்டே என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா? டேடிக்குக் கேக்காததை அவருக்காக நான் ஒரு தடவை கேக்கணும்." அவள் கண்கள் அப்பாவின் கண்கள். பெட்டி திறந்து கிடக்கிறது, அவர் அங்கே படுத்திருக்கிறார். அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பாடுதும்மா. கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அந்தோணியிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். நீல நோட்டை ஷீலா தருவதாகச் சொன்னாள், நான் வாங்கவில்லை. அதில் கடைசி ஒரு வருடம் நான் எழுத வைத்த பொய். யாரோ ஒரு கடையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், நான் இல்லாத இடத்தில், எனக்காக அவர் போட்ட சண்டைதான் என்னிடம் இருக்கிறது. என்னை இப்படி நம்பிய மனிதர் வேறு யாரும் கிடையாது, இனியும் இருக்க மாட்டார். அது எனக்குச் சேர வேண்டியது அல்ல என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்.

ஷீலா, ஞாயிற்றுக்கிழமை வராதே அம்மா. அங்கே எதுவும் பாடவில்லை. உன் அப்பாவின் காது நன்றாகத்தான் இருந்தது.